முத்துராக்குக்குப் பின்னால் வந்த அருவி

நொங்கைச் சீவிக் கையில் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அந்தத் தீவு. சுற்றிலும் பச்சை, நடுவில் வெளுப்பு, உள்ளே மூன்று கண்ணாக மூன்று சுனை, அதைப் பார்த்துத்தான் அங்கே குடியேறிய நம் சனங்கள் நொங்குத்தீவு என்று பேர் வைத்தார்கள், கடல் படத்தில் வேறு என்னவோ பேர் போட்டிருக்கிறதாம், அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அங்கே ஒரு நாய்கூடத் திரும்பாது. சென்னையில் பெரிய கப்பல் ஏறி, அந்தமானில் இறங்கி, அமாவாசைக்கு ஒன்றும் பௌர்ணமிக்கு ஒன்றுமாகப் புறப்படுகிற சின்னக் கப்பலைப் பிடித்து, வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே போய் இனிமேல் போக ஒன்றுமில்லை என்கிறபோது தலையைத் தூக்கிப் பார்த்தால், அது தெரியும்.

முத்துராக்கு அங்கே போனது தம்பியைப் பார்க்க. அவள் ஊர் கமுதிப் பக்கம் கருவக்குளம். பேரில்தான் குளம், மற்றபடி அங்கே தண்ணீர் என்றால் லாரி, லாரி என்றால் சண்டை. மேலத்தெரு முக்கில் லாரி வந்து நின்றதும் குடங்கள் முட்டி மோதும்போது, முத்துராக்கு வாயைத் திறந்தால் வரிசை தானாக நேராகும், அவள் வாய்க்கு லாரிக்காரரே பயந்தவர். புருசன் போய்ச் சேர்ந்து வெகுகாலம், பிள்ளை கிடையாது, நின்று நின்று முழங்கால் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. தம்பி கருமலையான் வாலிபத்தில் பாக்குத் தோட்ட வேலைக்கு என்று கப்பலேறியவன், தீவுக்காரி எஸ்தரைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். "ஒரு தடவை வாக்கா, வந்து காலை நனைச்சிட்டுப் போ" என்று அவன் போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் அவளும் கிளம்பிவிட்டாள்.

இறங்கிய அன்றைக்கே அவளுக்குக் கண் கொள்ளவில்லை. கரையில் இரண்டு தென்னைக்கு நடுவே பழைய மீன்வலையைத் தொட்டிலாகக் கட்டி அதில் ஒருவர் படுத்திருந்தார், பாக்கியநாதன் என்று பேர், அவர்தான் கப்பலுக்கு டிக்கெட் கிழிப்பவர், பஞ்சாயத்துத் தலைவரும் அவரேதான், இரண்டு வேலையையும் படுத்துக்கொண்டே பார்த்தார். கடையில் ஆள் இல்லை, வேண்டியதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டில் ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போகலாம். வாத்தியார் எப்போது தூங்கி எழுகிறாரோ அப்போது பள்ளிக்கூட மணி அடிக்கும். தீவின் ஒரு கரையில் மணல் அரிசிமாவு போல வெள்ளை, இன்னொரு கரையில் எள்ளு போலக் கறுப்பு, அலையோ வந்து காலைத் தொட்டுவிட்டு, மன்னிப்புக் கேட்பது மாதிரி மெதுவாகப் பின்னால் போகும். மூன்று சுனையில் ஒன்று சுடும், ஒன்று குளிரும், ஒன்று சோடா மாதிரி நாக்கில் சுறுக்கென்று ஏறும். சுடுகிற சுனையில் எஸ்தர் அவளை இடுப்பளவு உட்கார வைத்தாள், வெளியே வந்தபோது முழங்கால் வேறு யாருடையதோ போல மடங்கியது. "அடி ஆத்தி, இதை வச்சுக்கிட்டா இவுக சும்மா இருக்காக" என்று வாயில் கைவைத்தாள் முத்துராக்கு.

மறுநாள் அருவிக்குக் கூட்டிப்போனார்கள். வெள்ளைச்சி என்று அதற்குப் பேர். தென்னையின் மேல் தென்னையாக அடுக்கி வைத்த உயரத்திலிருந்து, நுரையும் சாரலுமாக, பார்க்கிறவர் மூச்சையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. எல்லோரும் போய் நின்று குளித்தார்கள். அவள் மட்டும் பாறையோரம் நின்று தம்பியைக் கூப்பிட்டாள்.

"ஏண்டா, இதை எப்ப நிறுத்துவாக?"

"யாருக்கா நிறுத்துறது?"

"அப்ப ராத்திரியிலயும் ஓடுமா?"

"ஓடும்."

"ஆள் இல்லாதப்பவும்?"

கருமலையான் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் பிடிக்காமல் போகிற தண்ணீரைப் பார்க்கப் பார்க்க, அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்க்கிற பெண்ணுக்குக் கை துடிப்பது போல அவளுக்குத் துடித்தது. நேரே தம்பி வீட்டுக்குப் போனாள், குடம், வாளி, அண்டா, குக்கர், இட்லிச் சட்டி, எஸ்தர் கல்யாணத்துக்கு வந்த பித்தளைப் பானை என்று கைக்கு அகப்பட்ட பாத்திரத்தையெல்லாம் எடுத்து வந்து, மலைக்கும் வீட்டுக்கும் நடையாக நடந்து, பொழுது சாயுமுன் அத்தனையையும் நிரப்பி வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் தட்டு வைத்து மூடி, துணி போட்டுக் கட்டினாள். அந்தத் தீவில் தண்ணீரை யாரும் எடுத்து வைத்ததில்லை. வைப்பது எதற்கு, அதுதான் வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கிறதே.

"மதினி, குழம்பு எதுல வைக்கட்டும்?" என்று எஸ்தர் சிரித்தாள்.

"இன்னைக்குக் குழம்பு வேண்டாம்டி. மீனைச் சுட்டுத் தின்போம்."

விடிந்து பார்த்தால் வெள்ளைச்சி வாசலில் நின்றது.

முருங்கை மரத்துக்கு மேலே வெறும் ஆகாயம், அந்த ஆகாயத்திலிருந்து பிடித்து, நுரையும் சாரலுமாக, முற்றத்தில் விழுந்துகொண்டிருந்தது. எஸ்தர்தான் முதலில் பார்த்தாள். "ஏங்க, வெள்ளைச்சி வந்திருக்கு, கோழியைப் பிடிச்சு உள்ளே போடுங்க" என்று உள்ளே திரும்பிச் சத்தம் போட்டுவிட்டு, கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினாள். கருமலையான் மண்வெட்டியை எடுத்துவந்து, தண்ணீர் கடல் பக்கம் போக ஒரு வாய்க்கால் வெட்டினான். முத்துராக்கு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது எதுக்குடி இங்க வந்துச்சு?"

"உங்களைத் தேடித்தான் மதினி. அது பிறந்ததுலேருந்து விழுந்துக்கிட்டே இருக்கு, யாரும் அதை இருன்னு சொன்னதில்லை. நீங்கதான் கையில ஏந்தி, கொண்டாந்து, மூடி போட்டு, துணி கட்டி வச்சீங்க. அதுக்கும் ஆசை இருக்காதா?"

அவள் கொல்லைக்குப் போனால் அது கொல்லைக்கு வந்தது. கடற்கரைக்குப் போனால் பின்னாலேயே வந்து, ஈர மணலில் பள்ளம் பறித்துக்கொண்டு நின்றது. ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் அவளை மாதா கோவிலுக்குக் கூட்டிப்போனாள், பூசை முடியும்வரை அது வெளியே புன்னை மரத்தடியில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு காத்திருந்தது, "சில மனுசரைவிட மேல்" என்று சாமியார் சொன்னார். தீவுச் சனமும் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. முன்பு சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு மலைக்குப் போனவர்கள் இப்போது, "முத்துராக்கக்கா இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று விசாரித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு கருமலையான் வாசலுக்கே வந்துவிட்டார். எருமைக்காரர் ஒருவர், "அக்கா, வேலை இல்லேன்னா கொஞ்சம் எங்க வீட்டுப் பக்கம் நடங்களேன், எருமையைக் கழுவணும்" என்று பவ்யமாகக் கேட்டார். அவளும் நடந்தாள். பிறந்ததிலிருந்து தண்ணீருக்குப் பின்னால் ஓடியவள், தனக்குப் பின்னால் தண்ணீர் வர, தலையை நிமிர்த்தி, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி, சாமி புறப்பாடு போல நடந்தாள்.

அப்படி நடந்த ஒரு நாளில்தான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. வந்த ஆசையை அவள் அடக்கவுமில்லை. தம்பி போனை வாங்கி, ஊரில் பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டாள். வரிசையில் அவளுக்கு முன்னும் பின்னும் நின்று ஆயுசு முழுக்கச் சண்டை போட்டவள் பஞ்சவர்ணம்.

"ஏ பஞ்சவர்ணம், நான் வரும்போது ஒரு அருவியைக் கூட்டிட்டு வாரேன்."

அந்தப் பக்கம் குடத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "பெரிசா?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

"தென்னை மேல தென்னை வச்ச மாதிரி."

"அப்ப நம்ம கண்மாய் தாங்குமாடி? கருவமுள்ளு மண்டிக் கிடக்கே. இரு, நாங்க வெட்டிச் சுத்தம் பண்ணி வைக்கிறோம். எப்ப கப்பல்?"

தீவில் இந்தச் சேதி பரவியபோது பஞ்சாயத்து கூடியது. அந்த ஊர் வழக்கப்படி எல்லோரும் வெள்ளை மணலில் படுத்துக்கொண்டார்கள், பேச நினைக்கிறவர் மட்டும் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்குவார். மலைப்பாறை காய்ந்து வெளுத்துவிட்டது, சுனையில் ஒரு முழம் இறங்கிவிட்டது, வெற்றிலைக் கொடி வாடுகிறது என்று ஒருவர் சொன்னார். முத்துராக்கு சண்டைக்குத் தயாராகச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வந்திருந்தாள், நாக்கு நுனியில் அத்தனை பதிலும் இருந்தது. பாக்கியநாதன் தலையைத் தூக்கினார்.

"அக்கா, உங்க ஊர்ல தண்ணி ரொம்பக் கஷ்டமோ?"

"கஷ்டம்தான்."

"அப்ப கூட்டிட்டுப் போங்க. விருந்தாளி பின்னாடி அது ஆசைப்பட்டுப் போகுதுன்னா நாங்க என்ன கயிறு போட்டுக் கட்டவா முடியும்? எங்ககிட்ட இத்தனை காலம் இருந்துச்சே, அதுவே பெரிசு." பிறகு சந்தேகமாக, "அதுக்கு எந்த கிளாஸ்ல டிக்கெட் போடுறதுன்னுதான் தெரியலை" என்றார். எல்லோரும் படுத்தபடியே சிரித்தார்கள்.

கத்தி எடுத்து வந்தவளுக்கு முன்னால் பூமாலையை நீட்டியது போல அவள் திகைத்து நின்றாள். அப்போது எஸ்தர் எழுந்து உட்கார்ந்தாள். "மதினி, எங்களுக்குத் தண்ணி இல்லாம இருந்து பழக்கமில்லை. நீங்க போறதுக்குள்ள கொஞ்சம் சொல்லிக் கொடுத்துட்டுப் போங்க."

அப்படித்தான் முத்துராக்கு அந்தத் தீவுக்குத் தாகம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள். கறுப்பு மணல் கரையில் பெண்களெல்லாம் சுற்றி உட்கார, ஒரு குடத்தை நடுவில் வைத்து, இதுதான் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு என்றாள், அவர்கள் கதை கேட்பது போல வாயைப் பிளந்தார்கள். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவலாம், பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கத்தரிச் செடிக்கு ஊற்றலாம், பெரிய அன்னக்கூடைக்குள் உட்கார்ந்து குளித்தால் குளித்த தண்ணீரில் துணி அலசலாம், பல் விளக்க ஒரு டம்ளர், அதிலும் கடைசி மடக்கைத் துப்பாமல் காலில் ஊற்றிக்கொள்ளலாம். கேட்கக் கேட்க அவர்கள் கன்னத்தில் கைவைத்து, "எம்மாடி, எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க" என்று வியந்தார்கள். கிணறு எப்படி வெட்டுவது என்று ஆண்கள் கேட்டார்கள். கடப்பாரை என்றாள். அது அந்தத் தீவிலேயே தேங்காய் உரிக்க ஒன்றுதான் இருந்தது.

சனம் கெட்டிக்காரச் சனம், சீக்கிரம் பிடித்துக்கொண்டது. முத்துராக்கு தெருவில் நடக்கும்போது வீட்டுக்கு வீடு வாசலில் குடம் முளைத்திருப்பதைப் பார்த்தாள். பிறகு குடத்துக்கு மேல் தட்டு. பிறகு தட்டுக்கு மேல் கல். ஒரு காலை, டீக்கடைக்காரர் தன் டம்ளரைக் கீழே வைக்காமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு பேசுவதைப் பார்த்தாள், கருவக்குளத்தில் அவள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் மூடுவார்கள், தூசி விழும் என்று சொல்வார்கள், தூசிக்காக இல்லை. அதற்கு மறுநாள், கப்பல் வருகிற நாள், அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம் கேட்டது.

"கையை எடுடி, இது என் குடம்!"

எஸ்தர்தான். எதிர்வீட்டு லூசியாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள், இருவரும் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். லூசியா அழவில்லை, திட்டவும் தெரியவில்லை, அந்தத் தீவில் அதுவரை யாரும் சண்டை போட்டதில்லை, என்ன செய்வது என்று தெரியாமல் எஸ்தரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எஸ்தர் திரும்பி, "நீங்க சொன்ன மாதிரி சரியாப் பண்றேனா மதினி?" என்று கேட்டாள்.

முத்துராக்கு கையிலிருந்த மூட்டையைக் கீழே வைத்தாள். கண்மாயில் முள் வெட்டுகிற பஞ்சவர்ணத்தை நினைத்தாள், தன் முழங்காலை நினைத்தாள், மறுபடியும் எஸ்தரின் விரல் இறுகியிருப்பதைப் பார்த்தாள். உள்ளே போய், கட்டிய துணியை அவிழ்த்து, மூடிய தட்டுகளை எடுத்து, குடமும் வாளியும் அண்டாவும் குக்கரும் பித்தளைப் பானையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து முற்றத்தில் கவிழ்த்தாள். ஆயுளில் அவள் அதுவரை தண்ணீரைக் கீழே ஊற்றியதில்லை. எல்லாம் ஓடி முடிந்த பிறகும் வெள்ளைச்சி நின்ற இடத்திலேயே நின்றது. அதற்குப் பாத்திரத்தின் மேல் ஆசை எப்போதோ போய்விட்டிருந்தது, இப்போது அவள்மேல்தான்.

கப்பல் ஊதியது. அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், அது பின்னால் வந்தது, சனமெல்லாம் வழியனுப்ப இரு பக்கமும் வந்தார்கள், சிலர் கடைசி தடவையாக அதில் கையை நீட்டி நனைத்துக்கொண்டார்கள். கரை முடிந்தது, கப்பலுக்குக் கூட்டிப்போகிற படகில் ஏற அவள் தண்ணீரில் கால் வைத்தாள், அதுவும் வைத்தது. விழுந்த இடத்தில் கடல் கலங்கி, நன்னீர் உப்போடு கலந்து பழுப்பாவதை அவள் பார்த்தாள். மூட்டையைத் தம்பி கையில் திணித்துவிட்டுத் திரும்பினாள், இடுப்பில் கைவைத்தாள், மேலத்தெரு முக்கில் லாரிக்கு முன்னால் நின்று கத்துகிற குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தாள்.

"ஏண்டி கூறுகெட்டவளே, எங்கடி வார? மானம் மரியாதை இல்லை உனக்கு? நாலு குடம் பிடிச்சு மூடி வச்சவ பின்னாடி ஓடி வந்துட்டா போதுமா? ஒரு அலை தாண்டுமுன்ன நீ உப்பாப் போவ, அது தெரியுதா உன் மரமண்டைக்கு? அப்படியே வந்து சேர்ந்தாலும் எங்க ஊர்ல உனக்குப் பாறை இருக்கா, பாசி இருக்கா? எங்க சனம் உன்னை விழ விடுமாடி? தரையைத் தொடுமுன்ன குடத்தை நீட்டும். டிரம்முல அடைச்சுப் பூட்டு வைக்கும். முதல் பூட்டு நான் போடுவேன், நான்! வெக்கங்கெட்டவளே, உன்னை நம்பி ஒரு ஊரே படுத்துக் கிடக்கு, அதுக சண்டை போடக்கூடத் தெரியாத சனம்டி. போ! போன்னா போயேன்! மூஞ்சியைப் பார்க்காதே, போடி!"

அந்தத் தீவு அப்படி ஒரு வசவைக் கேட்டதே இல்லை. பாக்கியநாதன் தொட்டிலைவிட்டு எழுந்து நின்றுவிட்டார், அவர் எழுந்து நின்றதைப் பார்த்தவர்கள் அதுவரை யாருமில்லை. வெள்ளைச்சியும் கேட்டதில்லை. நுரை அடங்கி, நடுவில் இளைத்து, ஒரு நூலாகிவிட்டது. பிறகு மெதுவாக, முகத்தைத் திருப்பாமல், பின்பக்கமாகவே மணல் ஏறி, தெருவைத் தாண்டி, வெற்றிலைத் தோட்டத்தைத் தாண்டி, பாறைக்குப் பாறை பின்வாங்கி மலை ஏறியது. உச்சியில் போய் அது விழுகிற சத்தம் கேட்கும்வரை முத்துராக்கு கையை இடுப்பிலிருந்து எடுக்கவில்லை. கேட்ட பிறகு படகில் ஏறி உட்கார்ந்து, தலைப்பை முகத்தில் போட்டுக்கொண்டாள். எஸ்தரும் லூசியாவும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, படகைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

ஊரில் கண்மாய் பளிச்சென்று இருந்தது. ஒரு முள் இல்லை. மேலத்தெரு முழுக்க, கை கால் கீறல்களோடு, கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தது.

"எங்கடி?" என்றாள் பஞ்சவர்ணம்.

"மலையிலேயே விட்டுட்டு வந்துட்டேன்."

அதற்குப் பிறகு தெருவில் அவளோடு யாரும் பேசவில்லை. லாரி வந்தால் அவள் குடம் காலால் தள்ளப்பட்டுக் கடைசிக்குப் போனது. வாயைத் திறந்தால் வரிசை நேராகியிருக்கும், அவள் திறக்கவில்லை.

பல நாள் கழித்து, அப்படி அவள் கடைசியில் நின்றிருந்தபோது போன் அடித்தது. கருமலையான்.

"அக்கா, வெள்ளைச்சி முன்ன மாதிரி நேரா விழலை. சாய்ஞ்சு விழுது."

"எந்தப் பக்கமா?"

"நம்ம ஊர்ப் பக்கமாத்தான். எட்டிப் பார்க்கிறவ கழுத்தை நீட்டுவாளே, அப்படி. துணி துவைக்கிற கல் எல்லாம் இப்ப காஞ்சு கிடக்கு."

"அடப் பாவி. அப்ப துவைக்கிறதுக்கு என்ன பண்றீக?"

"என்ன பண்றது, கல்லைத் தூக்கி இந்தப் பக்கமா நகர்த்திப் போட்டுட்டோம். எஸ்தரும் லூசியாவும்தான் உருட்டினாங்க. இரு, அதுகிட்ட போனை நீட்டுறேன், பேசு."

போனுக்குள் வெள்ளைச்சி விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. போனைக் காதில் வைத்தபடி நின்றாள். முன்னால் நின்ற பஞ்சவர்ணம் திரும்பிப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு கையை நீட்டிப் போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். அவள் முகம் மாறியது. "எம்புட்டு..." என்றாள். எந்தப் பொத்தானை அமுக்கினால் எல்லோருக்கும் கேட்கும் என்று தேடி அமுக்கி, போனை எடுத்து நடுவில் கிடந்த ஒரு காலிக் குடத்துக்குள் வைத்தாள்.

குடம் வாங்கிய சத்தத்தைப் பெரிதாக்கித் தெருவுக்குக் கொடுத்தது. வரிசை கலைந்து குடத்தைச் சுற்றி வட்டமானது. யாரும் யாரையும் தள்ளவில்லை. என்ன கூட்டம் என்று லாரிக்காரர் இறங்கி வந்தார், குனிந்து கேட்டார், திரும்பிப் போய் எஞ்சினை அணைத்தார்.